ஏழாம் எண் வாசிக்கப்படவில்லை

ஜூன் 4

கிளீட்டஸ் அண்ணன் வந்தார். கிளப்பின் செயலாளர். கையில் ஒரு பலாச்சுளை, வாயில் இன்னொன்று.

"லிபினே, கிளப்புக்கு அம்பது வருசம் ஆகுது. மலர் போடுறோம். நீ ஒண்ணு எழுதணும்."

"என்ன எழுதணும்?"

"பத்ரோஸ் கோச்சப் பத்தி. ஒம்போது வருசம் நம்மள மேச்ச மனுசன்லா. நல்லது கெட்டது எல்லாம் வச்சு, என்னது அது, ஒரு மதிப்பீடு. ஆறு பக்கம்."

"நான் எதுக்கு?"

அவர் கொட்டையைத் துப்பிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அடுக்களையில் அம்மை சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"நீதானே படிச்சவன்," என்றார். தேவைக்கு மேல் உரக்க.

நியாயமான காரணம். நான் ஒப்பிலக்கியத்தில் எம்.ஏ. எம்.ஃபில். பாதியில் நிற்கிறது. ஆய்வுத் தலைப்பு, நவீனப் புனைகதையில் மௌனம். புன்னைத்துறையில் இந்தத் தகுதி வேறு யாருக்கும் இல்லை. இந்தத் தகுதிக்குப் புன்னைத்துறையில் வேலையும் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

கட்டுரையை வைத்துத்தான் கமிட்டி முடிவெடுக்குமாம். மைதானத்தின் புதிய கேலரிக்குப் பத்ரோஸ் பெயரை வைப்பதா, விழாவுக்கு மட்டும் கூப்பிடுவதா, இல்லை இப்போதுபோலவே அவர் கிளப் வாசலை மிதிக்காமல் இருந்துகொள்வதா.

கேலரி என்பது நான்கு சிமெண்டுப் படிகள். மூன்றில் ஏற்கெனவே விரிசல்.

ஜூன் 5

அம்மையிடம் சொன்னேன். "எழுது," என்றாள். குழம்பில் உப்பு இல்லை.

ஜூன் 7

தகவல் சேகரிப்பு. முறையாகச் செய்ய வேண்டும் என்று ஒரு புதுப் பேனா வாங்கினேன்.

செயின்ட் ரோக்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப். ரோக்கு புனிதருக்கு ஒரு நாய் உண்டு. நோயில் கிடந்தவருக்கு வாயில் ரொட்டி கவ்விக்கொண்டு வந்து கொடுத்த நாய். சட்டையில் புனிதரைப் போட்டால் வியர்வை படும், மரியாதை இல்லை என்று அந்தக் காலப் பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். எனவே சட்டையில் நாய் மட்டும். பக்கத்து ஊர் கல்லடிவிளைக்காரர்கள் ஐம்பது வருடமாக எங்களை ரொட்டி நாய் என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் ஆட்டத்துக்கு அவர்கள் பன் வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். கோல் விழும்போது எறிவார்கள்.

பத்ரோஸ் காலத்தில் நிறைய பன் கிடைத்தது.

ஒன்பது வருடம். கோப்பை ஒன்று. நன்னடத்தைக்கான கோப்பை. அந்த வருடம் எதிரணி வந்த வேன் மார்த்தாண்டத்தில் பழுதாகி நின்றுவிட்டதால் எங்கள் பையன்கள் யாரையும் உதைக்க வாய்ப்பில்லை.

அவருடைய உத்தி பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். கடற்காற்றுக்கு எதிராக முதல் பாதி ஆட வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டாம் பாதியில் காற்று நம் பக்கம் இருக்கும். ஆனால் எங்கள் கரையில் ஐந்து மணிக்குக் காற்று விழுந்துவிடும். இது மீன் விற்கும் பெண்களுக்குக்கூடத் தெரியும். ஒன்பது வருடம் அவர் காற்றுக்காகக் காத்திருந்தார்.

இதைக் கட்டுரையின் முதல் பத்தியாக வைக்கலாம்.

ஜூன் 8

அம்மையின் காலை நிகழ்ச்சி. ஆய்வாளன் என்ற முறையில் இன்று முதன்முறையாகக் கவனித்துக் கேட்டேன்.

பத்ரோஸ் இப்போது கல்லடிவிளையில் பெண் பிள்ளைகள் அணிக்குக் கோச். தினம் காலையில் பழைய ஸ்கூட்டரில் எங்கள் வாசல் வழியாகப் போவார். அம்மை முற்றத்தைத் தூத்துப் பெருக்கிக்கொண்டிருப்பாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வாரியலைத் தட்டி நிமிர்வாள்.

"ஓய்! வெளங்காத மனுசா! நாசமாப் போவீரு! ஒம்ம நாக்குல புழு வைக்கும் பாத்துக்கிடும்! ஒமக்கெல்லாம் சோறு எறங்குதா? கட்டையில போறதுக்கு ஸ்கூட்டரு ஒரு கேடு!"

நீர், உமக்கு. மரியாதைப் பன்மையில் சாபம். இந்தக் கரையின் வசவுகளில் முதன்மையானது கடல் கொண்டுபோகும் என்பது. அதை மட்டும் அம்மை சொல்வதில்லை.

அவர் ஸ்கூட்டரை மெதுவாக்கித் தலையைக் குனிந்தபடி கடந்து போனார். தார்ச்சாலை வழியாகப் போனால் கல்லடிவிளைக்குப் பாதித் தூரம்தான். எங்கள் தெரு மணல். ஒருமுறை சறுக்கி விழுந்தும் இருக்கிறார்.

குறிப்பு: உத்திக் குறைபாடு மைதானத்தோடு நிற்கவில்லை.

ஜூன் 12

கிளீட்டஸ் அண்ணனிடம் பேட்டி. கிளப்பில், கேரம் பலகையின் மேல் கால் வைத்துக்கொண்டு.

அணித் தேர்வு பற்றிச் சொன்னார். எனக்குப் பாதி தெரியும். முழுவதும் எழுதிக்கொண்டேன்.

எங்கள் ஆட்டக்காரர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். போனால் வாரக்கணக்கில் கரை இல்லை. ஆட்டம் சனிக்கிழமை என்றால் யார் வருவார், யார் வரமாட்டார் என்று புனிதருக்கே தெரியாது. பத்ரோஸ்தான் இதற்கு வழி கண்டுபிடித்தார். வியாழன் சாயங்காலம் கிளப்பில் இருக்கும் வயர்லெஸ்ஸில் உட்கார்ந்து அணியை வாசிப்பார். சட்டை எண், பெயர். ஒன்று, இன்னார். கடலில் இருந்து பதில் வரும்: வாறேன். எட்டாத படகுக்கு நடுவில் இருக்கும் படகுகள் சொல்லிவிடும். பெயர் வாசிக்கப்பட்டவன் தன் படகைத் திருப்புவான், அல்லது திரும்புகிற படகுக்குத் தாவி ஏறிக்கொள்வான்.

"மொதலாளிமாரு சும்மா விட்டாங்களா?"

"ஏசுவாங்க. ஆனா பேரு வாசிச்ச பொறவு எவன்டே தடுப்பான்? கடலு முழுக்கக் கேட்டுட்டுல்லா? பேரு வரலேன்னா அதுக்கு மேல. மத்த போட்டுக்காரனெல்லாம் மைக்க எடுத்து, ஏ நாலாம் நம்பரு, கோச்சு ஒன்ன மறந்துட்டாரு, சூண்டலக் கடல்ல போட்டுட்டுத் தூங்குன்னு பாட்டுப் பாடுவான்."

"கரையில?"

"கரையிலயும் கூட்டம்தான். பொம்பளையளு எல்லாம் கிளப்புப் படியில வந்து இருப்பாங்க. பிள்ள சத்தம் கேக்கணும்லா. வாறேன்னு ஒரு வார்த்த. அதுக்கு ஒரு மணிக்கூறு முன்னாலயே வந்து இடம் பிடிப்பாங்க. ஒங்கம்மைகூட முன்படியிலதான்..."

நிறுத்திக்கொண்டார். கேரம் காய்களை எண்ண ஆரம்பித்தார்.

இப்போது அணியைக் கிளீட்டஸ் அண்ணனே வாசிக்கிறார். ஆறுக்குப் பிறகு எட்டு. ஏழாம் எண் சட்டையை யாரும் போடுவதில்லை.

ஜூன் 13

கேஸ் சிலிண்டர் வந்தது. மழை. பக்கம் எழுதவில்லை.

ஜூன் 15

இதை ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிறகு தேவைப்படாது.

என் அண்ணன் ரெஜின். ஏழாம் எண். இடது கால். ஊரில் அவனுக்குச் சிலை வைக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கி இடுப்பில் கைவைத்து நிற்பான். ஆனால் நிற்கும்போது எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நவம்பரில், கல்லடிவிளைக்கு எதிரான அரையிறுதியில், ஒரு பெனால்ட்டி. அவன் பந்துக்கு முதுகு காட்டி நின்று குதிகாலால் அடித்தான். கீப்பர் உட்கார்ந்தபடி பிடித்தான். பன் மழை. எப்படியோ கடைசியில் ஜெயித்து இறுதிக்குப் போனோம். ஆனால் பத்ரோஸ் சொல்லிவிட்டார்: ஒரு ஆட்டம் வெளியே.

அடுத்த வியாழன் அணியை வாசித்தார். ஏழாம் எண்ணை வாசிக்கவில்லை. வாசிக்கப்பட்டவர்கள் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கரைக்கு வந்தார்கள். சாயங்காலம் காற்று மாறியது.

அண்ணன் இருந்த படகு வரவில்லை.

அப்போது நான் திருநெல்வேலியில், விடுதி அறையில் இருந்தேன். மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தியில் மௌனத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இறுதியாட்டம் நடக்கவே இல்லை.

ஜூன் 21

முதல் வரைவு முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. சில வரிகளைக் கண்ணாடி முன் நின்று வாசித்தேன்.

"பத்ரோஸ் ஒரு தோல்வியாளர் என்று சொல்வது தோல்வியாளர்களுக்குச் செய்யும் அநீதி. தோற்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும்."

"அவர் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது திறமையால் அல்ல, கோபத்தால்."

"ஒரு கோச் வீரனை வெளியே நிறுத்தும்போது எங்கே நிறுத்துகிறார் என்று யோசிக்க வேண்டும்."

மூன்றாவது வரியை எழுதிய பிறகு பேனாவைக் கழுவினேன். மை கசிந்திருந்தது.

ஜூன் 27

ஜூடுவிடம் பேட்டி. அந்தக் காலக் கோல்கீப்பர். அந்த வெள்ளிக்கிழமை கரை வந்த படகில் இருந்தவன். இப்போது தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது; முற்றத்தில் வலையைப் பரப்பிக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். வயிறு இரண்டு சட்டைக்குப் போதும்.

"கோச்சப் பத்தி என்ன சொல்ல? தங்கமான மனுசன், ஆனா கால்பந்து தெரியாது."

எழுதிக்கொண்டேன்.

"கோபக்காரர்னு சொல்லலாமா? ரெஜின் அண்ணன நிறுத்தினதே கோபத்துலதானே?"

"கோபமா? ஒரு அரமணிக்கூறு இருந்திருக்கும். அதுக்குள்ள ரெண்டாமதும் விளிச்சிட்டாருல்லா."

"ரெண்டாவதா?"

ஊசி நின்றது.

"ஒனக்கு... நீ அப்போ ஊருல இல்ல, என்ன?"

"சொல்லு."

"ஒண்ணுமில்லடே. விடு."

"ஜூடு."

அவன் நூலைப் பல்லால் கடித்தான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"வாசிச்சு முடிச்சிட்டுப் போனாரு. பொறவு திரும்ப வந்து மைக்க எடுத்தாரு. ரெஜினும் வரட்டு, பெஞ்சுல இருந்து பாக்கட்டு, புத்தி வரும்னாரு. எங்க போட்டு அவன் போட்டுக்குப் பக்கத்துலதான். நான் கூட ஒட்டிக் கொண்டுபோய், ஏறுலேன்னு சொன்னேன். அவன் சிரிச்சான். பெஞ்சுல இருக்கவா நான் பெறந்தேன், கோச்சு மாமாவே ஏழாம் நம்பரப் போட்டு ஆடட்டுன்னு மைக்குல சொன்னான். சொல்லிட்டு ஒரு மீன எங்க தட்டுல தூக்கிப் போட்டான். கோச்சுக்குக் குடுத்துரு, கோவத்த இதோட தின்னுட்டும்னு."

அடுத்த கிழிசலைத் தேடிக்கொண்டே, "நல்ல சிரிப்புல்லா அவனுக்கு," என்றான்.

ஜூன் 28

தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

ஜூலை 2

கல்லடிவிளைக்குப் போனேன். தார்ச்சாலை வழியாக. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மைதானத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள். பத்ரோஸ் மாமா கோட்டுக்கு வெளியே குடையோடு நின்றார். காற்றுக்கு எதிராக ஆடவிட்டிருந்தார்.

"மாமா."

"ஏ பத்தாம் நம்பரு! பந்தப் பாரு பிள்ளே, என் மொகத்துல என்ன இருக்கு? ... வா மக்ளே. மலருக்கு எழுதுறியாமே. நல்லா ஏசி எழுது."

"ரெண்டாவது தடவ கூப்பிட்டீங்களா?"

குடையை மடக்கினார். மழை நிற்கவில்லை.

"ஜூடு சொன்னானாக்கும். அவனுக்கு எப்பவும் கைதான் ஓட்ட, இப்போ வாயும்."

"ஏன் சொல்லல?"

"யாருகிட்ட?"

"அம்மைகிட்ட. தினம் ஏசுறாளே."

"ஒங்கம்மைக்குக் காலையில யாரையாவது ஏசணும். கடல ஏசுனா அது திரும்பிப் பாக்காது. சாமிய ஏசுனா பாவம், திரும்பவும் சாமிகிட்டயே போய்ச் சொல்லணும். பிள்ளய ஏச முடியுமா? நான்னா எப்பிடியும் அந்த வழியாத்தான் போறேன்."

"அது சுத்துவழிதானே?"

"டயருக்கு மணல் ரோடு நல்லது."

உலகத்தில் எந்த டயருக்கும் மணல் ரோடு நல்லதல்ல.

"அவன நிறுத்தினது தப்புன்னு தோணலயா மாமா?"

"குதிகாலால பெனால்ட்டி அடிச்சா நிறுத்துவேன். நாளைக்கு நீ அடிச்சாலும் நிறுத்துவேன். அதுல ஒண்ணும் மாத்தமில்ல." பிறகு, "ஒன் ஆட்டத்துக்கு யாரும் பெனால்ட்டி தரமாட்டான், அது வேற."

"அந்த மீன்?"

பத்தாம் எண் பிள்ளை விழுந்து எழுந்தது. அவர் விசில் ஊதவில்லை.

"வெள்ளிக்கிழம ராத்திரி கறி வச்சேன். தின்னேன். காத்து அடிச்சிட்டிருந்துது. நல்ல மீனுடே. மறுநாளுதான் எல்லாம் தெரியும்." குடையை மறுபடி விரித்தார். "இத எழுதாத. நான் நிறுத்தினேன்னே எழுது. அது உண்மதானே."

ஜூலை 6

முதல் வரைவைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்தேன்.

ஜூலை 9

இரண்டாம் வரைவு. இதில் அவர் ஒரு மகான். காற்றுக்காகக் காத்திருந்தது பொறுமையின் அழகியல் ஆகிவிட்டது. நன்னடத்தைக் கோப்பைக்கு ஒரு முழுப் பத்தி. கடைசியில் அந்த வியாழக்கிழமை, இரண்டாவது அழைப்பு, மீன், எல்லாம். அம்மை தாங்குவாளா என்று யோசித்தேன். ஊர் முழுக்க மலரில் படிப்பதற்கு முன் என் வாயால் கேட்கட்டும். உண்மையைச் சொல்ல வேண்டியது கடமை என்றெல்லாம் எனக்குள் ஒரு குட்டிப் பிரசங்கம் நடந்தது. அவள் மயங்கி விழுந்தால் பிடிக்க வசதியாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"வாசி," என்றாள். ஈருள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

வாசித்தேன். இரண்டாவது அழைப்பு வந்தது. குரலைத் தாழ்த்தினேன். அவள் கை நிற்கவில்லை. படகு படகோடு ஒட்டியது. அண்ணன் சிரித்தான். "ஒரு மீனைத் தூக்கிப் போட்டான்" என்று வாசித்தேன்.

"கேரை," என்றாள் அம்மை.

"என்ன?"

"மீன்னு எழுதாத. கேரை. அவன் அப்பிடித்தான் சொன்னான். மாமாவுக்கு ஒரு கேரை குடுத்து விடுறேன்னு."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் முன்படியில இருந்தேன்லா மக்ளே."

ஈருள்ளித் தோல் முழுவதையும் கூட்டி முறத்தில் போட்டாள்.

"ஊருக்கே தெரியுமா?"

"மைக்குல சொன்னா ஊருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. நீ கேக்கவே இல்லையே."

மௌனம் பற்றிய என் ஆய்வு நூற்றி நாற்பது பக்கம்.

"பின்ன எதுக்கு அவரத் தினம் ஏசுற?"

அவள் கட்டுரையை வாங்கிப் பார்த்தாள். வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்கவில்லை. எடை பார்ப்பதுபோல் கையில் வைத்திருந்தாள்.

"இவ்வளவு நல்லா எழுதாதடே," என்றாள். "நாளைக்குக் காலையில நான் எப்பிடி ஏசுவேன்?"

ஜூலை 10

காலை. ஸ்கூட்டர் சத்தம். முற்றத்தில் அம்மை. நான் உள்ளே கதவுக்குப் பின்னால்.

ஏசினாள். சுமாராகத்தான் இருந்தது.

ஜூலை 11

மூன்றாம் வரைவு. கடைசிப் பத்தி போய்விட்டது. மகான் போய்விட்டார். காற்று திரும்ப வந்தது. முடிவு இப்படி:

"ஒன்பது வருடத்தில் பத்ரோஸ் எங்களுக்கு நன்னடத்தைக் கோப்பை தவிர எதுவும் வாங்கித் தரவில்லை. ஆட்டம் பற்றி அவருக்குத் தெரிந்தது குறைவு, தெரிந்ததும் தவறு. வியாழக்கிழமைகளில் பெயர் வாசித்தார். எங்கள் அம்மைகள் படியில் உட்கார்ந்து பிள்ளைகளின் குரலைக் கேட்டார்கள். வேறு எந்தக் கிளப்பிலும் அது கிடையாது. அவரை மன்னிப்பதா என்பதைக் கிளப் தீர்மானிக்கலாம். ஏசும் உரிமை தனி."

அம்மையிடம் வாசித்துக் காட்டினேன். "இது கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள்.

ஜூலை 20

கமிட்டிக் கூட்டம். கட்டுரையைக் கிளீட்டஸ் அண்ணன் வாசித்தார். காற்றுக்குச் சிரித்தார்கள்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மை என்ன சொல்லுது?" என்றார் கிளீட்டஸ் அண்ணன்.

"எதுக்கு?"

"டேய், ஒங்க வீட்டுல சரின்னாத்தான் அவரு உள்ள வர முடியும். பின்ன எதுக்கு ஒன்ன எழுதச் சொன்னோம்? இங்கிலீசு வாத்தியாரு கேட்டாரே, அவருக்கே குடுத்திருப்போம்ல."

எம்.ஏ. எம்.ஃபில். பாதி.

வீட்டுக்கு ஓடிப் போய்க் கேட்டேன். அம்மை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கேலரிக்கு அவரு பேரா? அப்போ நான் அதுல இருக்கமாட்டேன். அவரு மேல இருக்கிறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்து? அந்தப் படிக்குக் கீழ ஒரு கக்கூசு கட்டுறாங்கல்லா, அதுக்கு வைக்கச் சொல்லு."

"விழாவுக்கு?"

ஒரு சேலையை உதறினாள். இரண்டாவது முறையும் உதறினாள்.

"மேடையெல்லாம் வேண்டாம். வியாழக்கிழம வந்து பேரு வாசிக்கட்டு. கிளீட்டஸ் வாசிக்கிறது ரேசன் கடையில கார்டு கூப்பிடுற மாதிரி இருக்கு."

திரும்பி ஓடி, இதை அப்படியே சொன்னேன். கக்கூஸ் உட்பட. தீர்மானத்தில் கக்கூஸ் இடம்பெறவில்லை. மற்றது ஏகமனதாக நிறைவேறியது.

ஆகஸ்ட் 1

தடைக்காலம் முடிந்தது. படகுகள் போயின. கரையில் நாய்களும் நானும். விழா ஆட்டம் பதினாறாம் தேதி, ரோக்கு புனிதர் திருநாள் அன்று. எதிரணி கல்லடிவிளை. பேக்கரியில் பன் முன்பதிவு நடப்பதாகத் தகவல்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பத்ரோஸ் மாமா வந்தார். கிளப் வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே யாரும் கழற்றுவதில்லை.

படிகளில் பெண்கள். முன்படியில் அம்மை. அந்த நவம்பருக்குப் பிறகு அவள் அங்கே வந்து நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு வேலை: மின்விசிறி வயர் தளர்ந்திருந்தது, கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மைக்கை அழுத்தினார்.

"புன்னைத்துறை. ரோக்ஸ். சனிக்கிழம நாலு மணி. ஒண்ணு, ஆல்பின்."

இரைச்சல். பிறகு, மிகத் தூரத்தில், "வாறேன்."

படியில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

"ரெண்டு, ஸ்டெனி."

"வாறேன். வலையில ஆளு கம்மி, இருந்தாலும் வாறேன்."

"வலயப் பத்தி ஒன்ட்ட கேட்டேனா? மூணு, பிரதீஷ்."

இப்படியே. ஆறு வந்தது. ஆறு பதில் சொன்னான். அவர் தொண்டையைச் செருமினார்.

"எட்டு..."

"ஓய்."

அம்மை எழுந்து நின்றிருந்தாள்.

"ஒரு மாட்சுன்னுதானே சொன்னீரு? ஒரே ஒரு மாட்சு வெளிய இருக்கட்டும்னு. இப்போ எத்தன மாட்சு ஆச்சு? கணக்குத் தெரியாதா ஒமக்கு? ஒரு மாட்சுன்னா ஒரு மாட்சுதான். வெளங்காத மனுசா. ஏழ வாசியும்."

அவர் மைக்கிலிருந்து விரலை எடுக்கவில்லை. எனவே இதைக் கடல் முழுக்கக் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏழு," என்றார். பெயர் சொல்லவில்லை.

விரலை எடுத்தார். இரைச்சல் மட்டும் வந்தது. எந்தப் படகும் பேசவில்லை. கிண்டல் பாட்டு இல்லை.

அம்மை திரும்பி என்னைப் பார்த்தாள்.

வயரை விட்டேன். மின்விசிறி நின்றது. மேசைக்குப் போனேன். பத்ரோஸ் மாமா நாற்காலியை ஒதுக்கி மைக்கை என் பக்கம் தள்ளி, தன் விரலாலேயே அழுத்திக் கொடுத்தார்.

"வாறேன்," என்றேன்.

"சத்தமா," என்றாள் அம்மை. "கடலுக்குக் கேக்கண்டாமா?"

ஆகஸ்ட் 16

ஏழாம் எண் சட்டை. பாச்சை உருண்டை நாற்றம். தோளில் பெரிது, வயிற்றில் சரி. அம்மை காலையில் அதை இஸ்திரி போட்டாள், நாயின் மேல் துணி விரித்து.

மலர் வந்துவிட்டது. என் கட்டுரை முப்பத்தோராம் பக்கம். அச்சகத்தில் படங்கள் மாறி, பத்ரோஸ் மாமாவின் பெயருக்கு மேல் ரொட்டி நாய். நாய்க்குக் கீழே இருக்க வேண்டிய ஜெபத்துக்கு மேல் பத்ரோஸ் மாமா. யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

காற்றுக்கு எதிராக முதல் பாதி. அவர்தான் சொன்னார்.

நான் பந்தை இரண்டு முறை தொட்டேன். ஒருமுறை கையால். பன்னிரண்டாவது நிமிடம் வெளியே எடுத்துவிட்டார். அப்போது 0–0. பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சு நன்றாகவே இருந்தது. காற்று வந்தது. அங்கிருந்து மைதானம் முழுவதும் தெரிகிறது. கேலரியின் நாலாவது படியில் அம்மை தெரிகிறாள்.

ஐந்து மணிக்குக் காற்று விழுந்தது. 0–3. பன்னைப் பொறுக்கிச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 18

திங்கள் காலை. ஸ்கூட்டர் சத்தம். அம்மை வாரியலைத் தட்டினாள்.

"ஓய்! என் பிள்ளய பன்னெண்டாவது நிமிசத்துல எடுத்தீரே, நாசமாப் போவீரு! அவனுக்கென்ன காலு இல்லையா? தொண்ணூறு நிமிசம் நிக்க மாட்டானா? எடுத்தீரே, பொறவுதானே மூணு வாங்கினீரு? ஒம்ம நாக்குல புழு வைக்கும்! ஒரு கோச்சாம்! ஒரு ஸ்கூட்டராம்!"

பிரமாதம். பழைய அம்மை. தெருவில் இரண்டு வீடு கதவைத் திறந்து பார்த்தது.

ஸ்கூட்டர் நின்றது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக நின்றது. ஒரு காலை மணலில் ஊன்றினார்.

"காலு இருக்கு திரேசம்மா. பந்துதான் அவனப் பாத்துப் பயந்து போவுது."

"போம் ஓய்!"

போனார். அவள் வாரியலைப் பிடித்தபடி, தெருமுனை திரும்பும்வரை ஏசினாள். பிறகு மிச்ச முற்றத்தைத் தூத்தாள்.

மலரில் அச்சான பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இங்கே குறித்து வைக்கிறேன், முப்பத்து நாலாம் பக்கத்துக்குத் திருத்தம். ஆட்டக்காரரை மாற்றுவதில் பத்ரோஸ் எல்லா முறையும் தவறினார் என்று எழுதியிருந்தேன். ஒருமுறை சரியாகச் செய்தார். பன்னிரண்டாவது நிமிடம்.